வளர்மதி பொய்யாக ஒதுங்கிய மூன்று நாள்

வளர்மதியைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்கக்கா. ஆனா பேர மட்டும் மாத்திடாதீங்க. மாத்தினீங்கன்னா, இது யாரா இருக்கும்னு கண்டுபிடிக்க பத்து பேரு கிளம்பிடுவாங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேரை அப்படியே விட்டுவிட்டேன்.

நெய்வேலி நகரியத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். ஏழு வருடத்தில் முந்நூறு பேருக்கு மேல் அவளிடம் பழகியிருக்கிறார்கள். முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விட மாட்டாள். சும்மா தள்ளிக்கொண்டு பிளாக்கை ஒரு சுற்று வர வேண்டும். இரண்டாவது நாள் பிரேக் மட்டும். மூன்றாவது நாள்தான் சாவியைக் கையில் கொடுப்பாள். பிறகு நாம் ஓட்ட, பின்னாலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வருவாள். எங்கள் ஊரில் ரோடுகள் அகலம், மரநிழலும் உண்டு. காலை ஷிப்ட் பஸ்கள் போய்விட்டால் ஆறரை மணிக்கு ரோட்டில் நாய்களும் வாக்கிங் போகிறவர்களும்தான். நாய்கள் ஒதுங்கிக்கொள்ளும். வாக்கிங் போகிறவர்கள்தான் நின்று ஆலோசனை சொல்வார்கள்.

நான் அவளிடம் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தொன்று. இருபத்தேழு வருடம் கணவரின் பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் வழியெல்லாம் சொல்லும் விமர்சனத்தைக் கேட்டுக் காது புளித்துப்போன பிறகு எடுத்த முடிவு அது. "புவனாக்கா, உங்களுக்குப் பயம் இல்ல, கோவம்தான் இருக்கு. கோவக்காரங்க சீக்கிரம் கத்துப்பாங்க" என்றாள் வளர்மதி. பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். ஆனாலும் தனியாக ஓட்டத் தைரியம் வரட்டும் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்தது நகரியத்துக் குவார்ட்டர்ஸில். அப்பா மைன்ஸில் பர்மனென்ட். கட்டிக்கொண்ட ராஜ்மோகன் அதே மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட். அதனால் இப்போது குடியிருப்பது ஆர்ச் கேட்டுக்கு வெளியே வாடகை வீட்டில். இரண்டு பெண்கள், பெரியவள் பிளஸ் ஒன், சின்னவள் எட்டாவது. கூடவே மாமியார் மாணிக்கம்மாள். காடாம்புலியூர்க்காரி. நல்ல மனுஷி, ஆனால் அவரிடம் ஒரு விஷயம் போனால் அது அவரிடம் தங்காது.

போன வருடம் மார்கழியில் வளர்மதிக்கு நாள் தள்ளிப் போனது. டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு. சின்னவள் வயிற்றில் இருந்தபோதே அவளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் ஏறி, பிரசவம் வரை படுத்த படுக்கை. இப்போது வயது இன்னும் கூட. அவள் இரண்டு நாள் யோசித்தாள், மூன்றாம் நாள் கணவனிடம் வேண்டாம் என்றாள். ராஜ்மோகன், "உன் உடம்பு, நீ சொன்னா சரி" என்றான். பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால் இருவரும் பண்ருட்டிக்குப் போனார்கள். ஏழு வாரக் கரு. அங்கே டாக்டர் பார்த்துச் சோதித்து மாத்திரை கொடுத்தார்.

அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அழவில்லை என்று என்னிடம் சொன்னாள், நம்புகிறேன். ஒன்றுதான் சங்கடம்: மாமியாரிடம் சொல்லக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டது. மாணிக்கம்மாள் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பால்குடம் எடுப்பார். பன்னிரண்டு வருடமாக. எதற்கு வேண்டுதல் என்று வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டில் இரண்டும் பெண்கள். வேறு எதற்காக இருக்கும்? பேரனுக்காகத்தான் என்று இவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். பேரன் கேட்டுப் பால்குடம் எடுக்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

மாத்திரையில் ஆரம்பித்த உதிரப்போக்கை மாதவிலக்கு என்று சொல்லி அவள் வழக்கம்போல மூன்று நாள் ஒதுங்கினாள். அந்த வீட்டில் அந்த மூன்று நாள் விளக்கு ஏற்றுவதும் சமையலும் மாமியார் பொறுப்பு. நான்காம் நாள் தலைக்குக் குளித்தாகிவிட்டது. உதிரம் நிற்கவில்லை, பத்து நாள் போனது. அதை யாரிடம் சொல்ல? மாட்டுப் பொங்கலுக்கு வந்த இருபத்திரண்டு பேருக்கு நின்றுகொண்டே வடை சுட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் பண்ருட்டி டாக்டர். நாலு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் மாதவிலக்கு வந்துவிடும், எட்டு வாரம் ஆகியும் வராவிட்டால் திரும்ப வரவேண்டும், அதற்கு முன்பே மறுபடியும் கர்ப்பம் உண்டாகலாம், ஜாக்கிரதை என்றும் சொன்னார். வளர்மதி தலையை ஆட்டினாள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் நாம் எல்லாரும் டாக்டரிடம் தலையை ஆட்டுவதுபோல.

ஆறு வாரம் ஆயிற்று. வரவில்லை. வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, உடம்பு வேறு ஆளுடையதாகிப் போனது. முதல் இரண்டு வாரம் மார்பு கனத்து வலித்தது. அது சரியானதும் முகத்தில் பரு. முப்பத்தெட்டு வயதில், பெரிய பெண்ணுக்கு வந்திருப்பதைவிடப் பெரிதாக. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. சும்மா நிற்கும்போதே வேர்த்துக் கொட்டும். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவள் துக்கம் வந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். பருவுக்குத் தயாராக இல்லை. கடையில் கார்டு வாங்கி இரண்டு முறை டெஸ்ட் செய்தாள். ஒரே கோடுதான். கர்ப்பம் இல்லை. அப்படியென்றால் என்ன? கலைத்ததால் மொத்தமாகவே நின்றுபோய்விட்டதா? சரி என்று நினைத்துச் செய்த காரியம் தன்னைக் கெடுத்துவிட்டதா? இந்தப் பயம்தான் அவளை அரித்தது.

இதற்கு நடுவில் மாணிக்கம்மாளும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். மருமகள் விளக்கேற்றாத நாள் எது என்று தெரிந்த மாமியாருக்குத் தனியாகக் காலண்டர் வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் ஒதுங்கினாள், மாசி பாதி ஆகிவிட்டது, இன்னும் தினமும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள். கிழவி கணக்குப் போட்டார். வீட்டுக்குப் பப்பாளிப்பழம் வருவது நின்றது.

ஒரு நாள், மறுநாள் வர லேட்டாகும் என்று சொல்ல வளர்மதிக்குப் போன் செய்தேன். எடுத்தது மாமியார்.

"வளரு குளிச்சிக்கினு இருக்குது. அது இனிமே வண்டி கத்துக்குடுக்க வராதும்மா. வண்டியத் தொடவே கூடாது. தள்ளிப் போயிருக்குது. நீ யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

யார்கிட்டயும் சொல்லாதே என்று அன்று காலை அவர் எச்சரித்தவர்களில் நான் ஐந்தாவது ஆள் என்று பிற்பாடு தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பிளாக்குக்குச் செய்தி போய்விட்டது. இரண்டு பேர் கிளாஸிலிருந்து தாங்களாகவே நின்றுவிட்டார்கள்.

மறுநாள் ஆறரைக்கு வளர்மதி வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். நான் வாயெல்லாம் பல்லாகப் போய், "என்னடி, சொல்லவே இல்ல?" என்றேன். அவள் வண்டியை ஸ்டாண்டு போட்டாள், ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள், அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. "எனக்கு நாற்பத்தெட்டுல நின்னுச்சு. சில பேருக்கு முப்பத்தெட்டுலயே நின்னுடுமாம்" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தத் தப்பைச் சரிக்கட்ட இன்னொரு தப்பு செய்தேன். "பேசாம நீ ஒரு மூணு நாள் ஒதுங்கி உட்காரு. வந்துடுச்சுன்னு சொல்லிடு. உங்க மாமியாருக்கும் பதில் ஆச்சு, ஊர் வாயும் அடைஞ்சுடும். டாக்டர்கிட்ட அப்புறமா மெதுவாப் போ."

"பொய்யாவா?"

"பின்ன, நெஜமா வர்ற வரைக்கும் காத்திருப்பியா?"

மாசி பதினாறாம் தேதி வளர்மதி ஒதுங்கினாள். இல்லாத வயிற்று வலிக்கு முகத்தைச் சுளித்தாள். மாமியார் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார், குடித்தாள். இரண்டாம் நாள் மறந்துபோய் அடுப்படிக்குள் நுழைந்து குழம்பில் உப்புப் பார்க்கப் போனவளை, "ஏ, இன்னா பண்ற?" என்று மாணிக்கம்மாள் ஒரு அதட்டல் போட்டதும் ஓடி வந்துவிட்டாள். மூன்று நாளும் கிழவிதான் விளக்கேற்றினார். அந்த வீட்டில் சாமி படங்கள் தரையோடு தரையாக ஒரு பலகை மேல் இருக்கும். மூட்டு வலிக்காரி, காலை மாலை இரண்டு வேளையும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "அப்பனே முருகா" என்று எழுந்ததை வளர்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். குற்ற உணர்ச்சியாக இருந்ததாம். ஆனால் அந்த மூன்று நாள்தான் தை பிறந்ததிலிருந்து அவள் முதல்முறையாக ஒழுங்காகத் தூங்கினாளாம். அதையும் சேர்த்தே சொன்னாள்.

ஊர் வாய் அடைந்தது. மாணிக்கம்மாளே ஐந்து பேருக்கும் போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, சும்மா தள்ளிப் போயிருந்திச்சி" என்றார். நின்ற இருவரும் கிளாஸுக்குத் திரும்பினார்கள். நான் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் உடம்பிடம் பொய் எடுபடவில்லை. எட்டு வாரம் தாண்டி ஒன்பது, பத்து. பங்குனி பிறந்து நாலு நாள். ஒரு டீச்சருக்கு யூ டர்ன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, வீட்டில் கொண்டுவிட்டேன். மாமியார் பதறிப்போனார். அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி வடலூரில் தேவயானி என்று ஒரு லேடி டாக்டரைச் சொன்னாளாம். "நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார். ராஜ்மோகனுக்குப் பகல் ஷிப்ட். வேண்டாம் என்று சொல்ல வளர்மதிக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

டாக்டர் எதிரில் ஸ்டூலில் வளர்மதி, பக்கத்து நாற்காலியில் மாணிக்கம்மாள். டாக்டர் பிரஷர் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

வளர்மதி வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொன்னார். "மாசி பதினாறு. மூணு நாளு. நாலாம் நாளு தலைக்குக் குளிச்சிட்டுது."

டாக்டர் எழுதினார். "அப்ப அதுல பிரச்சனை இல்ல. மூணு மாசத்துக்குள்ள கர்ப்பம் ஏதாவது கலைஞ்சிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் மாணிக்கம்மாள், கேள்வியே தப்பு என்பதுபோல.

டாக்டர் அதையும் எழுதினார். வளர்மதி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பதிலும் பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் இனி மருந்து எழுதப் போகிறார். தன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வந்த இடத்தில் வேறு யாரோ ஒருத்திக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்று பட்டது.

"டாக்டர், அந்தத் தேதி தப்பு" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு மாமியாரைப் பார்த்தார். எத்தனை மாமியார் மருமகளைப் பார்த்திருப்பார்! "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்றார்.

மாணிக்கம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப்போனார். வளர்மதி அவர் கையைப் பிடித்தாள். "வேணாம் டாக்டர். அத்தையும் கேக்கட்டும்."

சொன்னாள். பண்ருட்டி, மாத்திரை, பத்து நாள் உதிரம், அதற்குப் பிறகு எதுவும் வராதது, மாசி பதினாறு நாடகம் என்று ஒன்று விடாமல். மாமியார் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லி முடித்ததும் மூச்சு சீராக வந்ததாம்.

டாக்டர் பழைய வரிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். சிறுநீர் டெஸ்ட் எடுத்தார்: கர்ப்பம் இல்லை. ஸ்கேன் பார்த்தார்: கர்ப்பப்பையில் கோளாறு இல்லை. பிறகு நிதானமாக விளக்கினார். "கர்ப்பத்துல ஏறின ஹார்மோன் கலைஞ்ச உடனே இறங்கிடாதும்மா, சில வாரம் ஆகும். அது இறங்கினப்புறம்தான் உடம்பு பழைய சுத்துக்கு வரும். மார்வலி, பரு, முடி கொட்டறது எல்லாம் அந்த ஏற்ற இறக்கத்துல வரலாம். நிறைய பேருக்கு ஆறு வாரத்துல சரியாயிடும். நீங்க சாப்பிடல, தூங்கல, அஞ்சு கிலோ இளைச்சிருக்கீங்க, ரத்தமும் கம்மியா தெரியுது. அப்படி இருந்தா இன்னும் தள்ளும்."

"நின்னு போயிடலையே டாக்டர்?"

"முட்டைப்பை நல்லா இருக்கு. தைராய்டும் ரத்தமும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். வர்றதுக்கு அஞ்சு நாள் மாத்திரை தரேன். ஆனா எட்டு வாரத்துல வரச் சொன்னா எட்டு வாரத்துல வரணும். அங்க சொல்லலையா?"

சொன்னார்கள் என்று வளர்மதி ஒத்துக்கொண்டாள்.

ரத்தம் கொடுக்க வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். மாணிக்கம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாள் பூராவும் பேசுகிறவர் பேசாமல் இருந்தால் பக்கத்தில் உட்காரவே முடியாது. வளர்மதியே ஆரம்பித்தாள். "பேரன் வேணும்னு நீங்க பால்குடம் எடுக்கறீங்க. உங்ககிட்டப் போயி நான் எப்படி அத்தே இதைச் சொல்றது?"

"யாரு சொன்னது பேரன்னு?"

"பின்ன?"

"ராஜ்மோகனுக்குப் பர்மனென்ட் ஆவணும்னு எடுக்கறேன். பன்னெண்டு வருசமா எடுக்கறேன், முருகனுக்குக் காது கேக்கல. வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லாம இருந்தேன். பேரனாம் பேரன்! இருக்கறது ரெண்டையும் கரையேத்தறதுக்கே முழி பிதுங்குது."

வளர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கிழவி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டுப் பொங்கலுக்கு உன்ன நிக்க வச்சி வடை சுட வச்சேனே. ரத்தம் போயிக்கினு இருக்கறவள. 'இன்னும் ரெண்டு ஈடு போடு, தங்கச்சி வூட்டுக்குக் குடுத்தனுப்பணும்'னு வேற சொன்னேன். சொல்லியிருந்தா பத்து நாளு உக்கார வச்சி சோறு போட்டிருப்பேன். நீ கலைச்சிக்கினது உன் இஷ்டம். என்ன மட்டும் பாவியாக்கிட்ட."

கலைத்ததற்காகத் திட்டுவார் என்று இரண்டு மாதத்துக்கு மேல் பயந்தவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவரும் கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு கை நின்றது.

"அப்ப மாசி பதினாறு? நான் மூணு நாளு இந்த முட்டிய வச்சிக்கினு குனிஞ்சி நிமுந்தது?"

"மன்னிச்சுக்கோங்க அத்தே. புவனாக்காதான் ஐடியா குடுத்தாங்க."

என்னை அப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாள். இன்றுவரை மாணிக்கம்மாள் என்னைக் கண்டால், "வாம்மா ஐடியாக்காரி" என்றுதான் கூப்பிடுகிறார்.

தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம் ஒன்பதுதான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் தன் பங்குக்கு முருங்கைக்கீரை, பேரீச்சை, வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல் என்று ஆரம்பித்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் போன் செய்தால் இப்போதும் அவர்தான் எடுக்கிறார். "ஏழு மணிக்குத்தான் வரும். சாப்புட்டுட்டு வரும்" என்கிறார்.

ஐந்து நாள் மாத்திரை முடிந்து நாலாவது நாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வளர்மதிக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய வலி. பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். பண்ருட்டிக்குப் போய்வந்து எழுபத்தைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். பதினாலு வயதில் முதல்முறை வந்தபோது அழுதேன், இப்போது சிரித்தேன் என்றாள். மாத்திரையால் வந்ததுதான், அடுத்த மாதம் தானாக வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். அது தானாகவே வந்தது, இருபத்தொன்பதாம் நாள். ஆனால் மாத்திரையால் வந்த அன்றைக்கு அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. உடம்பு கெட்டுப்போகவில்லை. தான் செய்தது தன்னை எதுவும் செய்துவிடவில்லை.

வெளியே வந்து, "அத்தே, நான் ஒதுங்கிட்டேன்" என்றாள்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கம்மாள் திரும்பினார். "நெசமாவா?"

"சத்தியமா அத்தே."

"புவனா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே?"

"இல்ல அத்தே. நெஜமாவே."

கிழவி டிவியை நிறுத்தினார். மருமகளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார் போல. எழுந்திருக்கப் பார்த்தார். சுவரைப் பிடித்தார், முட்டி வரவில்லை. தரையோடு இருந்த சாமி பலகையை ஒருமுறை பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வராதப்ப வந்துடுச்சின்னு மூணு நாளு சாமிக்கு வெளக்கு வைக்காம உக்காந்த. இப்ப வந்திருக்குது. வரலன்னு நெனச்சிக்கினு போயி வையி. எது நெசம்னு முருகனுக்குத் தெரியும்."

வளர்மதி நின்ற இடத்திலேயே நின்றாள். இருபது வருடத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை.

"இன்னா நிக்கற? எண்ணெய் அலமாரில இருக்குது பாரு. திரிய ரெண்டாப் போடு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு விளக்கை ஏற்றினாள்.